பாடகர் மாறிய பேண்டை எப்படிக் கேட்டு ஒப்பிடுவது? மரில்லியனை வைத்து ஒரு வழி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ராக் கேட்கிற நாலு பேர் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் இந்தச் சண்டை வந்துவிடும். பாடகர் மாறிய பிரிட்டிஷ் ராக் பேண்டுகளில் எந்தப் பாடகர் காலம் உசத்தி என்று: ஜெனிசிஸ் என்றால் பீட்டர் கேப்ரியலா ஃபில் காலின்ஸா, மரில்லியன் என்றால் ஃபிஷ்ஷா ஹோகார்த்தா, முதல் பாடகர் ஜான் ஆண்டர்சன் இல்லாத யெஸ்ஸை யெஸ் என்றே சொல்லலாமா கூடாதா. ஆளுக்கொரு பாட்டைப் போட்டு, "இதைக் கேளு, அப்புறம் பேசு" என்பார்கள். யாரும் மனசு மாற மாட்டார்கள். ஏனென்றால் அங்கே ஒப்பீடு என்று எதுவும் நடக்கவில்லை. 1973இல் வந்த ஜெனிசிஸ் ஆல்பத்தையும் 1986இல் வந்ததையும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார்கள். நடுவில் கிதாரிஸ்ட் ஸ்டீவ் ஹாக்கெட் போய்விட்டார், தயாரிப்பாளர் மாறிவிட்டார், டிரம்ஸைப் பதிவு செய்கிற விதமே மாறிவிட்டது, ஆனால் பழி மொத்தமும் பாடகர் தலையில்.

இதைச் சரியாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. பொறுமை வேண்டும், ஓரளவு நல்ல ஹெட்ஃபோன் வேண்டும், கையில் ஒரு நோட்டு வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் எந்த பேண்டை எடுப்பது என்று முடிவு செய்யுங்கள். கிங் கிரிம்சனை வைத்துத் தொடங்காதீர்கள். கிரெக் லேக், போஸ் பரெல், ஜான் வெட்டன், அட்ரியன் பெலூ என்று அங்கே அருமையான குரல்கள் வரிசையாக உண்டு, ஆனால் கிதாரிஸ்ட் ராபர்ட் ஃபிரிப்பைத் தவிர மற்ற எல்லோரும் மாறிக்கொண்டே இருந்த பேண்ட் அது. அதிலும் லேக், பரெல், வெட்டன் மூவரும் பாடியதோடு பேஸும் வாசித்தவர்கள். பாடகர் போனால் பேஸும் போச்சு. பாடகரால் வந்த மாற்றம் எது, மற்றதால் வந்தது எது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

ஜெனிசிஸ் ஓரளவு சரிப்படும். கேப்ரியல் 1975இல் விலகினார், அடுத்த வருடமே 'எ டிரிக் ஆஃப் த டெயில்' வந்தது, மீதி நாலு பேரும் அப்படியே இருந்தார்கள். ஆனால் காலின்ஸ் புதுக்குரல் கிடையாது. 1971இல் 'நர்சரி கிரைம்' ஆல்பத்தில் 'ஃபார் ஆப்சென்ட் ஃபிரெண்ட்ஸ்', 1973இல் 'செல்லிங் இங்கிலாண்ட் பை த பவுண்ட்' ஆல்பத்தில் 'மோர் ஃபூல் மீ' என்று கேப்ரியல் இருக்கும்போதே தனியாகப் பாடியவர் அவர். அதனால் அந்த மாற்றம் பெரிய அதிர்ச்சியாக விழவில்லை. அப்புறம் 1997இல் ரே வில்சன் பாடிய 'காலிங் ஆல் ஸ்டேஷன்ஸ்'. காலின்ஸ் போனபோது பாடகர் மட்டுமா போனார்? டிரம்மர் போனார், சேர்ந்து பாட்டெழுதியவர் போனார். அந்த ஒரே ஆல்பத்தை வைத்து வில்சனைத் திட்டுவது நியாயமே கிடையாது, இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆக, பழகுவதற்கு ஏற்ற பேண்ட் மரில்லியன்தான். காரணம் எளிது. 1984இல் 'ஃபுகாஸி' ஆல்பத்துக்கு டிரம்ஸில் இயன் மோஸ்லி வந்தார். கிதாரில் ஸ்டீவ் ராதரி, கீபோர்டில் மார்க் கெல்லி, பேஸில் பீட் டிரவாவஸ் ஏற்கெனவே இருந்தார்கள். 2022இல் வந்த 'ஆன் அவர் பிஃபோர் இட்ஸ் டார்க்' வரை இந்த நாலு பேரும் மாறவே இல்லை. மாறியது பாடகர் மட்டும். 1988இல் ஃபிஷ் விலகினார், 1989இல் ஸ்டீவ் ஹோகார்த் வந்தார். இவ்வளவு சுத்தமாக ஒரே ஒரு ஆள் மட்டும் மாறிய பேண்ட் கிடைப்பது அபூர்வம். முதல் ஆல்பமான 'ஸ்கிரிப்ட் ஃபார் எ ஜெஸ்டர்ஸ் டியர்' 1983இல் வந்தது, அதில் டிரம்மர் மிக் பாயின்டர். எனக்கு அந்த ஆல்பம் ரொம்பப் பிடிக்கும், இருந்தாலும் இந்த ஒப்பீட்டில் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த முறையை விளக்க அதிக நேரம் ஆகாது. அதே சுடலைமாடன் கதை, அதே குடம், அதே உடுக்கு, பாடுகிற தலைவர் மட்டும் வேறு. கதை எங்கே நீள்கிறது, எங்கே சுருங்குகிறது, பின்பாட்டுக்காரர்கள் எந்த இடத்தில் வந்து சேர்கிறார்கள் எல்லாமே மாறிவிடும். மரில்லியனையும் அப்படிக் கேளுங்கள். பாடுகிறவர் மேலேயே காதை வைக்காமல், அவருக்காக மற்ற நாலு பேரும் எதை விட்டுக்கொடுக்கிறார்கள், எங்கே புகுந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். 'யார் பெரிய பாடகர்' என்ற கேள்விக்கு முடிவே கிடையாது. 'இவர் வந்தபிறகு ராதரியின் கிதார் என்ன ஆனது' என்ற கேள்விக்குப் பதில் உண்டு, அதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம்.

எண்ணிக்கையையும் நியாயமாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபிஷ் பாடிய ஸ்டுடியோ ஆல்பம் நாலு. 2022 வரை ஹோகார்த் பாடியவை, தங்கள் பழைய பாட்டுகளையே மாற்றி வாசித்த 'லெஸ் இஸ் மோர்' ஆல்பத்தைச் சேர்க்காமலே, பதினான்கு. பதினான்கில் சுமாரானவை இருக்கத்தான் செய்யும். அதையெல்லாம் சேர்த்துச் சராசரி போட்டால் ஃபிஷ் சும்மாவே ஜெயித்துவிடுவார். நாலு ஆல்பத்தோடு நிறுத்திக்கொண்டவருக்கு அது பெரிய வசதி. அதனால் இந்தப் பக்கத்திலும் நாலை எடுங்கள். என் நாலு: 1994இல் வந்த 'பிரேவ்', 1995இல் 'அஃப்ரெய்ட் ஆஃப் சன்லைட்', 2004இல் 'மார்பிள்ஸ்', 2016இல் 'ஃபியர்'. வேறு நாலை எடுத்தாலும் தப்பில்லை, ஆனால் 1991இன் 'ஹாலிடேஸ் இன் ஈடன்' ஆல்பத்தைக் கொண்டுவந்து ஃபிஷ் காலத்து 'மிஸ்ப்ளேஸ்ட் சைல்ட்ஹுட்' பக்கத்தில் வைத்து, பார்த்தாயா என்று கேட்காதீர்கள். வானொலியில் ஓடுகிற பாட்டு வேண்டும் என்று கொஞ்சம் பாப் பக்கம் சாய்ந்து செய்த ஆல்பம் அது.

இனி கேட்கிற ஏற்பாடு. பழைய ஆல்பங்கள் இப்போது ஒன்றுக்கு மேற்பட்ட வடிவத்தில் கிடைக்கின்றன: முதலில் வந்த மிக்ஸ் (குரலையும் வாத்தியங்களையும் கலந்த பதிவு), அதையே ஒலி மெருகேற்றிய ரீமாஸ்டர், புதிதாகப் பிரித்துச் சேர்த்த ரீமிக்ஸ். 'மிஸ்ப்ளேஸ்ட் சைல்ட்ஹுட்' ஆல்பத்துக்கு ஸ்டீவன் வில்சன் செய்த மிக்ஸ் இருக்கிறது, 'கிளட்சிங் அட் ஸ்ட்ராஸ்' ஆல்பத்துக்கும் 2018இல் புது மிக்ஸ் வந்தது. புது மிக்ஸில் குரலும் பேஸும் இருக்கிற இடமே மாறியிருக்கும். ஒரு பக்கம் 1989இன் பழைய மிக்ஸ், இன்னொரு பக்கம் 2018இன் புது மிக்ஸ் என்று வைத்தால் நீங்கள் ஒப்பிடுவது மிக்ஸ் செய்தவர்களை. பாட்டு கேட்கிற ஆப்பில் ஆல்பம் பெயருக்குப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து இரண்டையும் ஒரே வகையில் எடுங்கள். சத்தத்தையும் சமமாக்குங்கள். கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் ஓடுகிற பாட்டு நல்ல பாட்டு மாதிரியே காதுக்குத் தோன்றும், இதில் யாருக்கும் விலக்கு இல்லை. ஆப்பில் எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

எங்கே கேட்பது என்பதும் முக்கியம். நம்ம ஊரில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஓட்டு வீட்டிலோ தகரக் கூரைக்குக் கீழேயோ உட்கார்ந்து மழையில் 'பிரேவ்' கேட்டால் முதல் பாட்டு முடிகிற வரை ஒன்றுமே விழாது, ஏனென்றால் அது அவ்வளவு மெதுவாகத் தொடங்குகிறது. திருவனந்தபுரம் பஸ்ஸும் அப்படித்தான். எழுபது நிமிட ஆல்பத்துக்கு அந்தப் பயணம் தாராளமாகப் போதும், ஆனால் இன்ஜின் சத்தம் ஹோகார்த் மூச்சுவிட்டுப் பாடுகிற இடங்களை எல்லாம் விழுங்கிவிடும். ஃபிஷ் கடித்துத் துப்புகிற சொற்கள் மட்டும் அந்தச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். பஸ்ஸிலேயே ஒப்பிட்டு முடிவெடுத்தவர்கள் ஃபிஷ் பக்கம் நிற்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ராத்திரி, ஃபேனைக் குறைத்துவிட்டு, ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

வரிசை இப்படி. முதல் நாள் 1987இன் 'கிளட்சிங் அட் ஸ்ட்ராஸ்', முழுசாக. மறுநாள் 1989இன் 'சீசன்ஸ் எண்ட்', அதுவும் முழுசாக. பழைய பாடகரின் கடைசி ஆல்பமும் புதியவரின் முதல் ஆல்பமும் ஒட்டி ஒட்டி இருக்க வேண்டும், அப்போதுதான் காலத்தால் வந்த மாற்றம் குறைவாகவும் ஆளால் வந்த மாற்றம் கூடுதலாகவும் தெரியும். தயாரிப்பாளர் மாறியிருக்கிறார் என்பதை நோட்டில் ஓரமாக எழுதிக்கொள்ளுங்கள்: முந்தையது கிறிஸ் கிம்ஸி, பிந்தையதில் பேண்டோடு நிக் டேவிஸ். 'சீசன்ஸ் எண்ட்' கேட்கும்போது கையில் வார்த்தைகள் வேண்டாம். குரலை ஒரு வாத்தியமாக நினைத்துக் கேளுங்கள்.

அடுத்தது, இந்த முறையிலேயே எனக்கு மிகப் பிடித்த கட்டம். 'சீசன்ஸ் எண்ட்' ஆல்பத்தின் இசையில் பெரும்பகுதி ஃபிஷ் இருந்தபோதே உருவாகத் தொடங்கியது. அவரோடு சேர்ந்து ஐந்தாவது ஆல்பத்துக்காகப் பதிவு செய்த டெமோக்கள் (வெள்ளோட்டப் பதிவுகள்), 1999இல் 'கிளட்சிங் அட் ஸ்ட்ராஸ்' ரீமாஸ்டராக வந்தபோது இரண்டாவது டிஸ்க்கில் வெளியாயின. அதில் 'ஸ்டோரி ஃபிரம் எ தின் வால்' என்று ஒன்று. அதைக் கேட்டுவிட்டு 'சீசன்ஸ் எண்ட்' ஆல்பத்தின் 'பெர்லின்' பாட்டுக்குப் போங்கள். அதே இசை, மேலே வேறு மெட்டு, வேறு வார்த்தை, வேறு மனிதர். 'சன்செட் ஹில்' டெமோவையும் 'த கிங் ஆஃப் சன்செட் டவுன்' பாட்டையும் இதே போல ஜோடி சேருங்கள். ஒரே வாசிப்பின் மேல் இரண்டு பாடகர்கள் எங்கெங்கே கால் வைக்கிறார்கள் என்று பார்க்க இதைவிடத் தெளிவான வாய்ப்பு வேறு இல்லை. கேட்கும்போது மூன்றே விஷயத்தைக் குறியுங்கள்: குரல் எத்தனையாவது நொடியில் நுழைகிறது, ஒரு வரியில் எத்தனை சொல்லைத் திணிக்கிறார், வரி முடிந்தபிறகு எவ்வளவு நேரம் வாயை மூடுகிறார். ஃபிஷ் வரியை நிரப்புகிறவர். அடுத்தடுத்து உருவகம், எதுகை, உள்ளுக்குள் இன்னொரு எதுகை. ஹோகார்த் ஒரு உயிரெழுத்தைப் பிடித்து நீட்டி அதிலேயே நிற்கிறவர். டெமோ என்பதால் ஃபிஷ் பாடியதில் கொஞ்சம் கரடுமுரடு இருக்கும், அதை அவர் கணக்கில் எழுதக்கூடாது.

அப்புறம் கிதார். 'கிளட்சிங் அட் ஸ்ட்ராஸ்' ஆல்பத்தில் 'ஷுகர் மைஸ்', 'சீசன்ஸ் எண்ட்' ஆல்பத்தில் 'ஈஸ்டர்'. இரண்டிலும் ராதரியின் சோலோ (கிதார் தனித்து ஓங்கி வாசிக்கிற பகுதி) ரசிகர்கள் கொண்டாடுவது, வாசித்தது ஒரே கை. 'ஷுகர் மைஸ்' பாட்டில் வேலை இழந்து, குடும்பத்தை விட்டு, ஹோட்டல் அறையில் தனியாகக் கிடக்கிற ஒருவன் தன்மேல் பழியை ஏற்றுக்கொண்டே போகிறான். இனிச் சொல்ல ஒன்றும் இல்லை என்கிற இடத்தில் கிதார் எழும்புகிறது. ஃபிஷ் சொல்லி முடிக்காததை ராதரி அழுது முடிக்கிறார், சோலோ அடங்கியதும் குரல் மறுபடி வந்து அந்தப் பழியையே பிடித்துக்கொள்கிறது. 'ஈஸ்டர்' வட அயர்லாந்தின் கலவரத்தை நினைத்து எழுதியது, அகௌஸ்டிக் கிதாரும் ஹோகார்த்தின் குரலுமாக மெல்லத் தொடங்கும். அங்கே சோலோ வரும்போது பாரம் இறங்குவது மாதிரி எனக்குக் கேட்காது, குரல் விட்ட அதே ஏக்கத்தை இன்னும் மேலே தூக்கிக்கொண்டு போகிற மாதிரிதான் கேட்கும். அது முடிந்ததும் பாட்டு நடையை மாற்றிக்கொண்டு வேறொரு பகுதிக்குப் போய்விடுகிறது. முதல் பாட்டில் கிதார் பாடகருக்குப் பதில் சொல்கிறது, இரண்டாவதில் பாடகரோடு சேர்ந்து பாடுகிறது. இந்த வித்தியாசம் என் காதில் விழுந்தபிறகுதான் இரண்டு காலத்தையும் ஒரே பேண்டாகக் கேட்க முடிந்தது.

இதைச் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. குரலை மறைத்து வைத்து ஒப்பிட முடியாது, இரண்டு நொடியில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதனால் குரலே இல்லாத பகுதிகளை எடுங்கள். இரண்டு காலத்திலிருந்தும் அரை நிமிடம், ஒரு நிமிடம் அளவுக்கு வாத்தியம் மட்டும் ஓடுகிற இடங்களை மாற்றி மாற்றிப் போட்டு, பாட்டுகளை நன்றாக அறியாத ஒரு நண்பரிடம் 'இது எந்தக் காலம்' என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடிந்தால் பேண்டே மாறியிருக்கிறது என்று அர்த்தம். முடியாவிட்டால் மாற்றம் குரலிலும் வார்த்தையிலும்தான். 'சீசன்ஸ் எண்ட்' வரை குழம்புவார்கள், 'பிரேவ்' வந்ததும் பிரித்துவிடுவார்கள் என்பது என் கணிப்பு. புதுப் பாடகர் வந்த உடனே பேண்ட் மாறுவதில்லை, அவரோடு ஒன்றாக உட்கார்ந்து முதலிலிருந்து எழுதும்போதுதான் மாறுகிறது.

கூடவே கேட்க ஒருவரைச் சேர்க்கிறீர்கள் என்றால், ராக் ரசிகரை மட்டும் தேடாதீர்கள். நம்ம மாவட்டத்தில் சர்ச் கொயர் இல்லாத ஊர் குறைவு; நாலு குரலில் பாடிப் பழகியவர்களின் காது வேறு மாதிரி வேலை செய்யும். கொயர் நடத்துகிற ஒரு பெரியவரிடம் 'ஃபுகாஸி' ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைப் போட்டபோது, "மக்ளே, இவன் பாடல, பேசுகான், ஆனா சுதி விடாம பேசுகான்" என்றார். ஹோகார்த்துக்கு, "இவன் மூச்சையும் சேத்து பாடுகான்" என்றார். எவ்வளவு விமர்சனம் வாசித்தாலும் இவ்வளவு சுருக்கமாகக் கிடைக்காது.

சரி, அடுத்தது ஒருவரின் பாட்டை இன்னொருவர் பாடுவது. 'கேலி' (Kayleigh, ஒரு பெண்ணின் பெயர்) பாட்டை 1988இல் வந்த 'த தீவிங் மேக்பை' நேரடிப் பதிவில் ஃபிஷ் பாடுகிறார், 1996இன் 'மேட் அகெய்ன்' நேரடிப் பதிவில் ஹோகார்த் பாடுகிறார். ஃபிஷ்ஷுக்கு அது சொந்தக் கதை, ஹோகார்த்துக்கு வேறொருவர் கடிதம். அதனால் இங்கே தீர்ப்பு எழுதாதீர்கள். மேடையில் மற்ற நாலு பேரும் அந்தப் பாட்டை முன்னைவிட நிதானமாக வாசிக்கிறார்களா, அவசரமாக வாசிக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். ஜெனிசிஸ் ரசிகர்களுக்கு இதே பயிற்சி 'சப்பர்ஸ் ரெடி' பாட்டில்: 1972இன் 'ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தில் கேப்ரியல், 1977இன் 'செகண்ட்ஸ் அவுட்' பதிவில் காலின்ஸ். யெஸ் ரசிகர்களுக்கு இன்னும் பெரிய அதிர்ஷ்டம். 2011இல் பெனுவா டேவிட் பாடி வந்த 'ஃபிளை ஃபிரம் ஹியர்' ஆல்பத்தை, 2018இல் அதன் தயாரிப்பாளர் டிரெவர் ஹார்ன் தானே பாடி மறுபடி வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட அதே வாசிப்பு, முழு ஆல்பமும் வேறு குரலில். டிரீம் தியேட்டர் பக்கம் போனால், சார்லி டொமினிசி பாடிய 1989இன் முதல் ஆல்பத்தை 2004இல் அவருக்குப் பின் வந்த பாடகர் ஜேம்ஸ் லாப்ரியோடு மேடையில் முழுசாக வாசித்த பதிவு இருக்கிறது.

வார்த்தைகளைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். நமக்கு ஆங்கிலம் பாடப்புத்தகத்தில் வந்தது, பாட்டில் பாதி புரியாமலேதான் பிடித்துப் போயிருக்கும். ஒப்பிடுகிறவருக்கு அது நல்லதுதான், குரலின் உணர்ச்சியைத் தனியாகவும் பொருளைத் தனியாகவும் எடைபோட முடியும். ஃபிஷ் பெரும்பாலும் தன்னைப் பற்றியே எழுதியவர்: குடி, புகழ், பிரிவு. ஹோகார்த் வெளியிலிருந்து எடுப்பார். செவர்ன் பாலத்தில் தான் யாரென்று சொல்லாமல் திரிந்த ஒரு பெண்ணைப் பற்றி வானொலியில் கேட்ட செய்திதான் 'பிரேவ்' ஆல்பத்துக்கு விதை. வரிகளைக் கையில் வைத்து ஒரு முறை கேட்டபிறகு, முதலில் எழுதிய குறிப்பைத் திருத்தாமல் கீழே புதுசாக எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் அந்தப் பாடகரின் எழுத்துக்கு நீங்கள் கொடுத்த மதிப்பு.

நாலைந்து பேராகக் கேட்டால் ஒரே ஒரு ஒழுங்கு போதும்: பாட்டு முடிந்ததும் எழுதுவது, எல்லோரும் எழுதி முடித்தபிறகு பேசுவது. இல்லாவிட்டால் முதலில் வாய் திறந்தவர் கருத்தே எல்லோருக்கும் கருத்தாகிவிடும். குழுவில் மூத்த அண்ணன் யாராவது இருந்தால் அவர் கடைசியில் பேசட்டும்.

இதெல்லாம் முடித்தவர்களுக்கு இன்னும் ஒரு ஜோடி மிச்சம் இருக்கிறது. ஃபிஷ் விலகியபோது இசை பேண்டோடு தங்கியது, அவர் எழுதிய வார்த்தைகள் அவரோடு போயின. 1990 தொடக்கத்தில் வந்த அவருடைய முதல் தனி ஆல்பம் 'விஜில் இன் எ வில்டர்னஸ் ஆஃப் மிரர்ஸ்'. கீபோர்டில் மிக்கி சிமண்ட்ஸ், தயாரிப்பு ஜான் கெல்லி, ராதரியின் கிதார் கிடையாது. இதையும் 'சீசன்ஸ் எண்ட்' ஆல்பத்தையும் ஒரே வாரத்தில் கேளுங்கள், அந்த டெமோக்களை நடுவில் வைத்து. தனி ஆல்பத்தில் அவர் வரி முடிக்கிற ஒவ்வொரு இடத்திலும், அடுத்து என்ன வாத்தியம் வருகிறது என்று குறித்துக்கொண்டே போங்கள். 'ஷுகர் மைஸ்' பாட்டுக்கு எழுதிய குறிப்பை அதன் பக்கத்தில் வையுங்கள்.